ஒரு பிள்ளைக்கு எட்டுப் பேர்

விடியப்புறம் ஐந்து மணி. கரம்பொன் வீதியில் முதல் பஸ்ஸுக்காக ஒரு தாய் நிற்கிறாள். தோளில் ஐந்து வயது மகன். கைப்பையில் கிளினிக் கொப்பி, தண்ணீர்ப் போத்தல், மாற்று உடுப்பு, வாழையிலையில் சுற்றிய இடியப்பம், சில்லு கழன்ற ஒரு விளையாட்டுக் கார். பஸ் நாரந்தனை, வேலணை, அல்லைப்பிட்டி, மண்டைதீவுச் சந்தி என்று ஓடிப் பண்ணைக் கடலுக்கு வரும்போது கிழக்கு வெளிக்கிறது. ஆழமில்லாத கடலில் ஊன்றிய வலைத்தடிகளில் கொக்குகள் இருக்கின்றன. மற்றப் பிள்ளைகள் ஜன்னல் பக்கத்துக்குச் சண்டை பிடிக்கும் வயதில் இவன் தாயின் கழுத்தில் சாய்ந்து கிடக்கிறான்.

அவனுக்குக் காய்ச்சல் இல்லை, காயமும் இல்லை. மூன்று நாளாக முற்றத்தில் ஓடவில்லை, அவ்வளவுதான். பாடசாலையால் வந்ததும் விறாந்தையில் சுருண்டு படுத்துவிடுகிறான். நேற்றிரவு தாய் அவனுடைய கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தாள். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வெள்ளையாக இருந்தது. போனமுறை ஏற்றிய இரத்தம் முடியப் போகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

பெயர் சொல்லி ஒரு வீட்டை இங்கே காட்டப் போவதில்லை. இந்தத் தாயும் பிள்ளையும் குறித்த எவரும் அல்லர். தலசீமியா என்ற நோய் குடிவந்த எந்த வீட்டிலும் மாதாமாதம் நடப்பதைத் தீவகத்து வழியில் வைத்துச் சொல்கிறேன். தனிநாயகம் அடிகள் பிறந்த கரம்பொனிலிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு இருபது கிலோமீற்றருக்கு மேல். அந்தத் தூரத்தை மூன்று நான்கு கிழமைக்கு ஒருமுறை, பிள்ளை வாழும் காலம் முழுக்கக் கடப்பது என்றால் என்ன என்று ஊர் அறிய வேண்டும்.

கடலின் பெயர் கொண்ட நோய்

நமது இரத்தத்துக்குச் சிவப்பைக் கொடுப்பது ஹீமோகுளோபின். நுரையீரலிலிருந்து ஒட்சிசனை அள்ளி உடம்பின் ஒவ்வொரு மூலைக்கும் கொண்டு போகிற சுமைகாரன் அது. அல்பா, பீற்றா என்ற இருவகைப் புரதச் சங்கிலிகள் சரிக்குச் சரி பின்னினால்தான் அது உருவாகும். தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் பிள்ளைக்கு வந்த பீற்றா மரபணுக்கள் இரண்டும் பழுதாக இருந்தால் பின்னல் கூடாது. செங்குருதிக் கலங்கள் முளையிலேயே சிதையும். இதுவே பீற்றா தலசீமியாவின் கடுமையான வடிவம்.

பிறந்த குழந்தையில் இது தெரியாது. வயிற்றுக்குள் இருக்கும் சிசுவுக்கு வேறுவகை ஹீமோகுளோபின் உண்டு. பிறந்து சில மாதங்கள்வரை அது பிள்ளையைக் காப்பாற்றும். அது குறைந்து, வளர்ந்தவர்களின் ஹீமோகுளோபின் வரவேண்டிய ஆறாம் மாதமளவில்தான் சிக்கல் தலைகாட்டும். பிள்ளை வெளிறும், பால் குடிக்கக் களைக்கும், நிறை ஏறாது, மண்ணீரல் வீங்கி வயிறு முன்தள்ளும். கவனிக்காமல் விட்டால், போதாத இரத்தத்தை ஈடுகட்டப் பார்க்கும் என்பு மச்சை பெருகி நெற்றியையும் கன்ன எலும்புகளையும் புடைக்கச் செய்யும்.

1925இல் அமெரிக்காவின் டெற்றோயிற் நகரில் குழந்தை வைத்தியர் தோமஸ் கூலி இந்த நோயை முதலில் விவரித்தார். அவர் பார்த்த பிள்ளைகள் இத்தாலி, கிரேக்கம் போன்ற நாடுகளிலிருந்து குடியேறிய குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். மத்தியதரைக் கடற்கரைக்காரரின் நோய் என்று எண்ணி, 1932இல் விப்பிள், பிரட்போர்ட் என்ற இரு வைத்தியர்கள் அதற்குத் தலசீமியா என்று பெயரிட்டார்கள். கிரேக்கத்தில் ‘தலாசா’ என்றால் கடல்.

அந்தக் கடலோடு நோய் நின்றுவிடவில்லை. 1950களின் பிற்பகுதியில் டேவிட் வெதரோல் என்ற இளம் பிரித்தானிய வைத்தியர் கட்டாய இராணுவ சேவைக்காகச் சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டார். அங்கே நேபாளத்துக் கூர்க்காப் படைவீரர் ஒருவரின் சின்ன மகள் கடுமையான இரத்தச் சோகையோடு வாட்டில் கிடந்தாள். என்ன நோயென்று எவருக்கும் பிடிபடவில்லை. வெதரோல் கார் பெற்றறிகளையும் வடிதாளையும் வைத்துத் தானே ஒரு சோதனைக் கருவியைப் பொருத்தி, அது தலசீமியா என்று கண்டுபிடித்தார். நேபாளத்துப் பிள்ளைக்குக் ‘கடல் நோய்’. அதை அவர் வைத்திய சஞ்சிகையில் எழுதியபோது பாராட்டு வரவில்லை. படைப்பிரிவு ஒன்றின் பரம்பரைக் குறையை வெளியே சொன்னதற்காக இராணுவ மேலிடம் அவரைக் கண்டித்தது.

எங்களுடைய வீடுகளிலும் இதே கண்டிப்பு உண்டு. “வெளியில சொல்லாதேங்கோ, நாளைக்கு மற்றப் பெட்டைக்குக் கலியாணம் பேச வேணும்.” மறைக்கச் சொன்ன இராணுவ அதிகாரிக்கும் எங்கள் வீட்டுப் பெரியவருக்கும் இடையில் பெரிய வித்தியாசம் இல்லை. வெதரோல் மறைக்கவில்லை. அந்தப் பிள்ளையில் தொடங்கிய ஆராய்ச்சியை வாழ்நாள் முழுக்க நடத்தினார், பிற்காலத்தில் இலங்கைக்கும் வந்து குருநாகலில் எங்கள் நாட்டு வைத்தியர்களோடு சேர்ந்து உழைத்தார்.

அவர்கள் செய்த நாடளாவிய ஆய்வு 2000ஆம் ஆண்டு ‘லான்செற்’ சஞ்சிகையில் வெளிவந்தது. இலங்கையில் சராசரியாக நூற்றுக்கு 2.2 பேர் பீற்றா தலசீமியாவைக் காவுகிறார்கள் என்று அது கணக்கிட்டது. கிட்டத்தட்ட நாற்பத்தைந்து பேருக்கு ஒருவர். எந்த நேரத்திலும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளர் சிகிச்சை தேடி நிற்பார்கள் என்றும், அதற்கு நாட்டின் சுகாதாரச் செலவில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து தேவைப்படும் என்றும் எச்சரித்தது.

இப்படியொரு பழுது ஏன் இவ்வளவு பேரில் தங்கியது? ஒற்றைப் பழுது மட்டும் உள்ளவர்களை மலேரியா எளிதில் கொல்லாது என்பதே காரணம் என்று 1949இல் விஞ்ஞானி ஹால்டேன் கருத்து வைத்தார். பின்வந்த ஆய்வுகள் அதற்கு வலுச் சேர்த்தன. 1934–35இல் மலேரியா பல்லாயிரம் பேரை வாரிக்கொண்டு போன நாடு இது. குருநாகல் அதில் கடுமையாக அடிபட்ட பகுதி. இன்று நாட்டின் தேசிய தலசீமியா நிலையம் இருப்பதும் அங்கேதான். 2016 செப்டெம்பரில் இலங்கையை மலேரியா இல்லாத நாடாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. நுளம்பின் காய்ச்சல் போய்விட்டது. அதற்கெதிராக உடம்பு போட்ட வேலி மட்டும் இரத்தத்துக்குள் மிஞ்சி நின்று பிள்ளைகளைக் குத்துகிறது.

பையும் குழாயும்

ஆஸ்பத்திரியில் முதல் வேலை நிறை பார்ப்பது. அடுத்தது ஊசி. ஹீமோகுளோபின் அளவு அறியவும், பைக்குள் இருக்கும் இரத்தம் பிள்ளைக்கு ஒத்துவருமா என்று பார்க்கவும் ஒவ்வொரு முறையும் இரத்தம் எடுக்க வேண்டும். “பிள்ளைக்குத் தடிமன் காய்ச்சல் ஏதும் இருந்ததோ, தங்கச்சி?” என்று கேட்டுக்கொண்டே மிஸி சின்னக் கையைத் திருப்பித் திருப்பி நாளம் தேடுகிறார். அடிக்கடி குத்துப்பட்ட நாளங்கள் ஒளிந்துகொள்ளும். பையன் அழவில்லை. எந்தக் கையில் குத்துவது என்று அவனே காட்டுகிறான். ஐந்து வயதில் ஒரு பிள்ளை கற்றிருக்கக் கூடாத பாடம் அது.

பிறகு காத்திருப்பு. இரத்த வங்கியிலிருந்து பை வருகிறது. கருஞ்சிவப்பு, குளிர்ப்பெட்டியின் ஈரம் இன்னும் காயவில்லை. பையின் இலக்கம், இரத்த வகை, பிள்ளையின் பெயர் மூன்றையும் இரண்டு பேர் நின்று ஒத்துப் பார்க்கிறார்கள். துளி துளியாக இறங்கத் தொடங்குகிறது. முதல் கால்மணி நேரம் மெதுவாக விட்டு, குளிர் நடுக்கம் வருகிறதா, தோலில் தடிப்பு எழும்புகிறதா என்று கவனிப்பார்கள். முழுப் பையும் முடிய மூன்று நான்கு மணி நேரம் செல்லும்.

அந்த நேரத்துக்குள் நடக்கும் மாற்றத்தைத் தாய்மார் எல்லோரும் ஒரேமாதிரித்தான் சொல்வார்கள். முதலில் உதட்டில் நிறம் வரும். பிறகு பசி வரும். கட்டிலில் சாய்ந்து கிடந்தவன் எழும்பி இருந்து இடியப்பம் கேட்பான். பை முடியும்போது சில்லு கழன்ற கார் கட்டில் சட்டத்தில் ஓடத் தொடங்கியிருக்கும். பின்னேர பஸ்ஸில் ஜன்னல் பக்கம் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவன், காலையில் தாயின் தோளில் கிடந்த அதே பிள்ளைதான்.

ஹீமோகுளோபினை 9க்குக் கீழே இறங்க விடாமல் வைத்திருந்தால் பிள்ளை மற்றவர்களைப் போல வளரும், படிக்கும், விளையாடும் என்பது வைத்திய அனுபவம். அதற்குத்தான் இந்த ஓயாத பயணம். நாட்கூலிக்குப் போகும் தகப்பனுக்கு ஒருநாள் சம்பளம் போகும். கடலுக்குப் போகிறவருக்கு ஒருநாள் தொழில் போகும். அரச ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்குப் பணம் கேட்பதில்லை. இந்த நாட்டின் பெரும் புண்ணியம் அது. ஆனாலும் பஸ் காசு, சாப்பாடு, இழந்த வேலை, வீட்டில் விட்டுவந்த மற்றப் பிள்ளையின் ஏக்கம் எல்லாம் குடும்பத்தின் தலையில்தான்.

ஒருகாலத்தில் இவற்றைத் தாங்கப் பெரியம்மா, சித்தி, மாமி என்று வளவுக்கு வளவு ஆள் இருந்தது. 1990 ஓகஸ்டில் தீவகம் இடம்பெயர்ந்தது. போனவர்களில் பலர் திரும்பவில்லை. கூரை போன வீடுகளும் பற்றை மூடிய படலைகளும் இன்றும் அதற்குச் சாட்சி. உறவுகள் ரொறன்ரோவிலும் பாரிசிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். தொலைபேசியில் அழுவார்கள், காசும் அனுப்புவார்கள். ஆனால் தாய் ஆஸ்பத்திரியில் நிற்கும் நாளில் மற்றப் பிள்ளைக்குச் சோறு போட யாரும் ரொறன்ரோவிலிருந்து வர முடியாது.

முருங்கையிலையும் இரும்பும்

“இரத்தம் குறைஞ்ச பிள்ளைக்கு முருங்கையிலை வறை குடு பிள்ளை. பீற்றூட் குடு, ஈரல் குடு, பேரீச்சம்பழம் குடு.” பக்கத்து வீட்டு ஆச்சி அன்போடு சொல்வது இது. சாதாரண இரத்தச் சோகைக்கு நல்ல யோசனைதான். தலசீமியாப் பிள்ளைக்கோ இரும்புதான் எதிரி.

ஏற்றும் ஒவ்வொரு பை இரத்தத்திலும் 200 முதல் 250 மில்லிகிராம்வரை இரும்பு இருக்கிறது. மனித உடம்பு ஒருநாளில் ஒன்றிரண்டு மில்லிகிராமுக்கு மேல் இரும்பை வெளியேற்றாது. அதற்கு வழியே இல்லை. மாதாமாதம் ஏறும் இரும்பு ஈரலில் படியும், இருதயத்தில் படியும், வளர்ச்சியையும் பருவமடைதலையும் நடத்தும் சுரப்பிகளில் படியும். பதினைந்து வயதுப் பெட்டை பத்து வயதுபோல் நிற்பதற்கும், நீரிழிவு வருவதற்கும், கடைசியில் இருதயம் கைவிடுவதற்கும் காரணம் இந்த இரும்புதான். உயிர் கொடுக்கும் இரத்தமே மெல்ல மெல்ல நஞ்சாகிறது.

ஆகவே இரும்பை அகற்றும் மருந்து வேண்டும். பல ஆண்டுகளாக ஒரே வழி டெஸ்பெரால். இரவில் பிள்ளையின் வயிற்றுத் தோலுக்குள் மெல்லிய ஊசியைச் செருகி, பெற்றறியில் ஓடும் சின்னப் பம்பியோடு இணைத்து, எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் மருந்தை ஓட விட வேண்டும். கிழமைக்கு ஐந்து ஆறு இரவுகள். ஊசியை ஏற்றுவது வீட்டில் தாய்தான். நித்திரையான பிறகு குத்தலாம் என்று சில தாய்மார் காத்திருப்பார்கள். பிள்ளையும் அது தெரிந்து நித்திரை கொள்ளாமல் கிடக்கும். விடிய ஊசியைக் கழற்றினால் குத்திய இடம் கல்லுப்போல் வீங்கியிருக்கும். அடுத்த இரவு வேறு இடம் தேட வேண்டும். பெற்ற பிள்ளையை ஒவ்வொரு இரவும் தன் கையால் குத்துகிற தாயின் மனத்துக்கு எந்தக் கிளினிக்கிலும் மருந்து எழுதுவதில்லை.

2005ஆம் ஆண்டு அமெரிக்காவில் அனுமதி பெற்ற டெபெராசிரொக்ஸ் இந்த இரவுகளை மாற்றியது. நாளுக்கு ஒருமுறை வாயால் எடுக்கும் மருந்து அது. ஆனால் எந்த மருந்தானாலும் ஒருநாளும் விடாமல் எடுத்தால்தான் பலன். 2022இன் பொருளாதார நெருக்கடியில் நாடெங்கும் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது, வாழ்நாள் மருந்தை நம்பியிருந்த குடும்பங்கள் எல்லாம் எப்படி நடுங்கின என்பது எங்களுக்குத் தெரியும்.

ஆச்சிமாருக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. சாப்பாட்டோடு குடிக்கும் வெறும் தேத்தண்ணி, உணவிலுள்ள இரும்பு உடம்பில் ஏறுவதைக் குறைக்கும். ஈரலை விட்டுவிட்டுத் தேத்தண்ணி கொடுங்கள். டொக்டர் சொல்லாமல் இரும்புச் சத்துக் குளிசை மட்டும் வேண்டவே வேண்டாம்.

யாருடைய குற்றம்?

நோய் பெயர் பெற்ற நாளன்றே பல வீடுகளில் விசாரணையும் தொடங்கிவிடும். “எங்கட பக்கத்தில இப்பிடி ஒருத்தருக்கும் இல்லை.” மாமியின் வாயிலிருந்து வரும் இந்த ஒற்றை வசனம் மருமகளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடும். கிரகணத்தில் வெளியே வந்தாள், கர்ப்பத்தில் ஏதோ சாப்பிட்டாள், கோயில் நேர்த்தியை மறந்தாள் என்று குற்றப்பத்திரம் நீளும்.

விஞ்ஞானம் இதில் தெளிவாக இருக்கிறது. தாயும் தகப்பனும் ஆளுக்கொரு பழுதுபட்ட மரபணுவைக் காவினால்தான் பிள்ளைக்குக் கடும் தலசீமியா வரும். ஒருவரால் மட்டும் வர முடியாது. காவுகிறவர்கள் நோயாளிகள் அல்லர். கொஞ்சம் வெளிறியிருக்கலாம், அதுகூடத் தெரியாமல் நூறு வயதுவரை வாழலாம். அவர்களுடைய பேரன் பேத்தி காலத்திலும் பழுது வெளியே தெரியாமல் நடந்து போகும். எங்கோ ஒரு கலியாணத்தில் இரண்டு காவிகள் சேரும்போதுதான் அது முகம் காட்டும். மச்சாளை முடிக்கும் வழக்கமும் ஊருக்குள் மாறிமாறிச் சம்பந்தம் செய்யும் வழக்கமும் உள்ள சமூகத்தில், ஒரு குடும்பத்தில் ஓடும் மரபணு தன்னைத் தானே சந்திக்க வாய்ப்புக் கூட.

அப்படிச் சேர்ந்தவர்களுக்கு ஒவ்வொரு பிரசவத்திலும் கணக்கு ஒன்றுதான். நூற்றுக்கு 25 பங்கு நோயுள்ள பிள்ளை, 50 பங்கு பெற்றோரைப் போலக் காவும் பிள்ளை, 25 பங்கு எதுவுமில்லாத பிள்ளை. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைக்குப் பயமில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. அது தவறு. ஒவ்வொரு முறையும் சீட்டு புதிதாகக் குலுக்கப்படுகிறது.

இதில் தாய் செய்த பிழை ஒன்றுமில்லை, தகப்பன் செய்த பிழையும் இல்லை. அந்த வீட்டில் விளக்கம் கேட்க நிற்பவர்கள், அதற்குப் பதிலாக ஒருநாள் பிள்ளையோடு கிளினிக்குக்குப் போய் வரலாம்.

எட்டுப் பேர் கணக்கு

இப்போது தலைப்புக்கு வருகிறேன். முப்பது கிலோ நிறையுள்ள ஒரு தலசீமியாப் பிள்ளைக்கு மாதம் இரண்டு பை இரத்தம் தேவைப்படலாம். ஆண்டுக்கு 24 பை. இலங்கையில் ஒருவர் இரத்தம் கொடுத்தால் அடுத்த தடவைக்கு நான்கு மாதம் இடைவெளி விட வேண்டும். ஆகவே ஒருவரால் ஆண்டுக்கு மூன்று பைதான் தர முடியும். 24ஐ மூன்றால் பிரித்தால் எட்டு. ஒரு பிள்ளை ஓர் ஆண்டு உயிரோடிருக்க எட்டுப் பேர், தவறாமல், ஆண்டு முழுக்க.

இந்த எட்டுப் பேரில் தாய் தகப்பனைச் சேர்க்க முடியாது. பிள்ளைக்காக உடம்பில் உள்ள இரத்தம் முழுவதையும் கொடுக்கத் துடிப்பவர்கள் அவர்கள்தான். ஆனால் காவிகளான அவர்களுக்கே ஹீமோகுளோபின் பெரும்பாலும் குறைவு. அதோடு, என்றாவது ஒருநாள் என்பு மச்சை மாற்றுச் சிகிச்சை செய்யும் வாய்ப்பு வந்தால், நெருங்கிய உறவின் இரத்தம் முன்பே ஏறியிருப்பது அதற்கு இடைஞ்சலாகலாம் என்பதால் வைத்தியர்கள் அதைத் தவிர்ப்பார்கள். பத்து மாதம் சுமந்தவளின் இரத்தம் பிள்ளைக்கு உதவாது. முகம் தெரியாத ஒருவரின் இரத்தம்தான் உதவும்.

2014ஆம் ஆண்டிலிருந்து இலங்கையின் இரத்த வங்கி முழுக்க முழுக்கப் பணம் வாங்காத தொண்டர்களின் கொடையில் நடக்கிறது. பெருமைப்பட வேண்டிய விடயம். வெசாக் காலத்திலும் நினைவு தினங்களிலும் பாடசாலை பழைய மாணவர் சங்கங்களின் விழாக்களிலும் முகாம்கள் நிரம்பி வழிகின்றன. ஆனால் செங்குருதிக் கலங்களைக் குளிர்ப்பெட்டியில் ஐந்து ஆறு கிழமைக்கு மேல் வைத்திருக்க இயலாது. ஒரே நாளில் நூறு பேர் கொடுத்துவிட்டு அடுத்த மூன்று மாதம் யாரும் போகாவிட்டால், இடையில் நிற்கும் பிள்ளை என்ன செய்யும்? திருவிழாவுக்குக் கூடுவதுபோல் ஒருநாள் கூடுவதைவிட, முறை வைத்து விளக்கேற்றுவதுபோல் மாதத்துக்குச் சிலர் என்று பிரித்துக்கொள்வதே இந்தப் பிள்ளைகளுக்கு வேண்டிய உதவி.

பதினெட்டு முதல் அறுபது வயதுவரை, ஐம்பது கிலோவுக்குக் குறையாத நிறையோடு, சுகதேகியாக இருக்கும் எவரும் கொடுக்கலாம். அரை மணி நேர வேலை. மண்டைதீவுச் சந்தியில் பஸ் மாறிக் காத்து நிற்பதைவிடக் குறைந்த நேரம்.

குணமாகுமா?

தாய்மார் வாய்விட்டுக் கேட்கப் பயப்படும் கேள்வி இது. குணமாகும் வழி இருக்கிறது. பிள்ளையின் பழுதான என்பு மச்சையை நீக்கி, ஒத்துவரும் இன்னொருவரின் மச்சையைச் செலுத்துவது. 1981இல் சியாற்றில் நகரில் தொடங்கிய இந்தச் சிகிச்சையை இத்தாலியின் பெசாரோ நகரில் லூக்காரெல்லி பெரிய அளவில் செய்து நிலைநாட்டினார். வேலூர் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரி 1986இல், மம்மன் சாண்டியின் தலைமையில் இந்தியாவில் இதற்கு வழி திறந்தது. இன்று கொழும்பிலும் என்பு மச்சை மாற்றுச் சிகிச்சை நடக்கிறது.

இழையப் பொருத்தம் முழுமையாக உள்ள சகோதரம் ஒன்று வேண்டும். ஒவ்வொரு சகோதரத்துக்கும் அந்த வாய்ப்பு நூற்றுக்கு 25 மட்டுமே. ஈரல் கெடுமுன், இரும்பு ஒழுங்காக அகற்றப்பட்ட சின்ன வயதில் செய்தால் பத்தில் ஒன்பது பிள்ளைகள்வரை பிழைத்து எழும்புகிறார்கள். ஆபத்தும் உண்டு, செலவும் இலட்சக்கணக்கில் போகும். பிந்தப் பிந்த வாய்ப்புக் குறையும். ஆகவேதான் இரும்பு மருந்தை ஒழுங்காகக் கொடுத்த தாய், தன் பிள்ளைக்கு நாளைய கதவு ஒன்றையும் திறந்து வைக்கிறாள்.

2023 நவம்பரில் பிரித்தானியா, பிள்ளையின் சொந்த மச்சைக் கலங்களையே மரபணுக் கத்தரியால் திருத்தித் திரும்பச் செலுத்தும் காஸ்கெவி என்ற சிகிச்சையைப் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அனுமதித்தது. 2024 ஜனவரியில் அமெரிக்காவும் தலசீமியாவுக்கு அதை ஏற்றுக்கொண்டது. அமெரிக்காவில் அதன் விலை இருபத்திரண்டு இலட்சம் டொலர். கரம்பொனில் காலை பஸ்ஸுக்கு நிற்கும் தாய்க்கு அது இன்னும் வானத்து நிலவு. ஆனால் நோய் வெல்லப்படக்கூடியது என்பதற்கு அது உறுதி.

இன்னொரு தீவு செய்தது

சைப்பிரஸ் ஒரு தீவு. அங்கே ஏழு பேருக்கு ஒருவர் காவி. 1970களில் ஆண்டுதோறும் பத்துக்கணக்கான பிள்ளைகள் இந்த நோயோடு பிறந்தார்கள். இப்படியே போனால் நாட்டின் இரத்தமும் பணமும் போதாது என்று கண்டு அந்த மக்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். 1980களில் அங்குள்ள மரபுவழித் திருச்சபை, கலியாணத்துக்கு வரும் இருவரும் தலசீமியாச் சோதனை செய்த அத்தாட்சியைக் கொண்டு வரவேண்டும் என்று விதித்தது. முடிவு என்னவென்று குருவானவர் கேட்கவில்லை, கலியாணத்தைத் தடுக்கவும் இல்லை. இருவரும் தெரிந்துகொண்டார்களா என்பதை மட்டும் உறுதிப்படுத்தினார். புதிதாக நோயோடு பிறக்கும் பிள்ளைகளின் தொகை அங்கே ஏறக்குறையப் பூச்சியத்துக்கு இறங்கியது. நோயாளரும் பெற்றோரும் பல நாடுகளிலிருந்து ஒன்றுசேர்ந்து 1986இல் அமைத்த சர்வதேச தலசீமியா சம்மேளனம் இன்றும் அந்தத் தீவிலிருந்துதான் இயங்குகிறது.

இலங்கையில் இந்தத் தற்காப்பு இன்னும் கூடுதலாகத் தேவை. வயிற்றிலுள்ள சிசுவுக்கு நோய் இருப்பது தெரிந்தாலும், 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையின்படி தாயின் உயிரைக் காக்க அன்றிக் கருவைக் கலைக்க இடமில்லை. எனவே தெரிந்துகொள்ள வேண்டிய நேரம் கலியாணத்துக்கு முன்தான். அதற்கு வேண்டியது முழு இரத்தக் கணக்கு என்ற எளிய சோதனை. செங்கலங்களின் பருமன் குறைவாக இருந்தால் ஹீமோகுளோபின் ஏ2 சோதனை செய்து உறுதிப்படுத்துவார்கள்.

தீவகத்தில் சைவரும் கத்தோலிக்கரும் அடுத்தடுத்து வாழ்கிறோம். கோயிலில் நாள் வைக்க முன்னம், பங்கில் ஓலை வாசிக்க முன்னம், மாப்பிள்ளையும் பெண்ணும் இந்தச் சோதனையைச் செய்தார்களா என்று ஐயரும் சுவாமியும் ஒரு வார்த்தை கேட்டால் போதும். பேச்சுக்கால் தொடங்கிச் சீதனம் பேசி முற்றான பிறகு தெரியவந்தால் மனம் உடையும், ஆகவே அதற்கு முன்பே, பாடசாலையை விட்டு வெளியேறும் வயதிலேயே செய்துகொள்வது நல்லது. ரொறன்ரோவிலும் லண்டனிலும் பிறந்து வளர்ந்து ஊர்ச் சம்பந்தம் தேடும் பிள்ளைகளுக்கும் இதே சொல்தான். கடல் தாண்டிப் போனாலும் மரபணு கூடவே போகிறது.

ஒருவர் காவியாக இருந்தால் கலியாணம் நின்றுவிட வேண்டியதில்லை. மற்றவர் காவியாக இல்லாவிட்டால் அந்தக் குடும்பத்தில் கடும் தலசீமியாப் பிள்ளை பிறக்காது. இந்த ஒற்றை உண்மையை ஊர் விளங்கிக்கொண்டால் மறைக்க வேண்டிய தேவையே இல்லாமல் போகும்.

உங்களிடம் ஒரு விண்ணப்பம்

கரம்பொனில், நாரந்தனையில், ஊர்காவற்றுறையில் இளைஞர் கழகங்கள் இருக்கின்றன. கோயில் பரிபாலன சபைகளும் பங்குச் சபைகளும் பழைய மாணவர் சங்கங்களும் இருக்கின்றன. ஒவ்வொன்றும் எட்டுப் பேரைச் சேர்த்துப் பெயர் எழுதி வைக்கட்டும். யார் எந்த மாதம் இரத்த வங்கிக்குப் போவது என்று பிரித்துக்கொள்ளட்டும். வெளிநாட்டில் இருக்கும் ஊரவர் ஒரு கிளினிக் நாளுக்கு ஓட்டோச் செலவைப் பொறுப்பெடுக்கட்டும். பக்கத்து வீட்டுக்காரர் அன்று மற்றப் பிள்ளைக்குச் சோறு போடட்டும். இவ்வளவும் ஊரால் முடியாத காரியம் அல்ல.

இன்னும் நான்கு கிழமையில் அந்தத் தாய் மறுபடியும் முதல் பஸ்ஸுக்கு நிற்பாள். அவள் போய்ச் சேருமுன் பிள்ளைக்கான பை அங்கே இருக்க வேண்டும். அதற்கு நீங்கள் இந்தக் கிழமையே இரத்த வங்கிக்குப் போய் வாருங்கள்.